வரப்பில் நின்ற கணக்கும் தராசில் ஏறிய கணக்கும்

அந்தக் காலத்தில் ஊர்க் கணக்கரான கர்ணம் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார்: "இந்த வருஷம் ஆறணா வெள்ளாமைதான்." பதினாறணா என்றால் முழு மகசூல். கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பு அது. பயிராய்வுக்கு வந்தவர் ஒப்புக்கொண்டு, ஜமாபந்தியில் கணக்கும் முடிந்துவிட்டால், தீர்வையில் வஜா (தள்ளுபடி) உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். பயிர் விவரம் எழுதும் அடங்கல் என்ற ஏடே வரி வசூலுக்காகப் பிறந்ததுதான். போட்ட முதலைத் திருப்பித் தரும் எண்ணம் அதில் கிடையாது.

1980-இல் கர்ணம் போன்ற பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிந்தது; கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அடங்கல் மட்டும் நிலைத்தது. இன்று பயிர்க் காப்பீட்டுக்கு அதுதான் முதல் தாள். இந்தப் பருவத்தில் இந்த சர்வே எண்ணில் நிற்பது நெல்தான் என்று அரசு ஊழியர் எழுதித் தந்தால்தான் பதிவே நடக்கும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் திண்டாடுவது இங்கேதான். வியர்வை அவருடையது, பட்டா வேறொருவருடையது.

பயிர் அழிந்தால் கம்பெனிக்காரர் வந்து நம் வயலைப் பார்ப்பார் என்றே இன்னமும் பலர் நம்புகிறார்கள். அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் நனைந்தால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னவரின் வயலைப் பார்ப்பது உண்டு. ஆனால் பருவம் முழுக்க ஏற்பட்ட மகசூல் இழப்புக்கு, 1985-இல் வந்த முதல் பெருந்திட்டம் தொடங்கி 2016-இன் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வரை, முக்கியமாக முடிவு சொல்வது அறுவடைப் பரிசோதனை அறிக்கைதான். 1940-களில் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் நாட்டின் விளைச்சலைக் கணக்கிட வளர்த்தெடுத்த முறை அது. உணவுக் கணக்குக்காக வந்த எண், இப்போது நம் வீட்டுக் கடனையும் தீர்மானிக்கிறது.

இந்தப் பரிசோதனைக்குக் குலுக்கலில் எண் எடுப்பதுபோல ஒரு சர்வே எண்ணைத் தேர்வு செய்கிறார்கள். வயலின் மூலையிலிருந்து இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் என்று நடந்து முளை அடிக்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். அந்த 25 சதுர மீட்டர், ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. ஈரம் கழித்து 8 கிலோ 400 கிராம் வந்தால் ஹெக்டேருக்கு 3,360 கிலோ. அதுவே ஊரின் சராசரியாக அமைந்து, உத்தரவாத மகசூல் 4,200 கிலோவாக இருந்தால், இழப்பு 20 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் அதே 20 சதவீதம் ஊருக்கே கிடைக்கும். தராசில் ஒரு கிலோ கூடினால் அந்த வயலின் ஹெக்டேர் கணக்கில் 400 கிலோ கூடிவிடும். அந்த ஒரு கிலோவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

முன்பு பிர்காவுக்கோ வட்டாரத்துக்கோ ஒரே சராசரி. கடைமடையில் காய்ந்தவனுக்கும் வாய்க்கால் தலைப்பில் விளைந்தவனுக்கும் ஒரே எண். இப்போது முக்கியப் பயிருக்குக் கிராமமே அலகு. கிராமத்துக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள். செல்போன் செயலியில் வயலின் இருப்பிடம், படம், எடை எல்லாம் ஏறுகின்றன. கர்ணத்தின் கண்ணை யாரும் சோதிக்க முடிந்ததில்லை. இந்த எடையைச் சோதிக்க முடியும், அந்த நேரத்தில் ஆள் அங்கே இருந்தால். காப்பீட்டு நிறுவனத்துக்கு அங்கே ஆள் அனுப்பத் தெரிகிறது. நாம்தான் நடவுக்குக் கூடுகிறோம், அறுப்புக்குக் கூடுகிறோம், இதற்கு மட்டும் போவதில்லை.

போன தை மாதம் எங்கள் ஊரில் ஏழு பேர் போனோம். கயிற்றை இழுத்துப் பிடித்தபோது ஒரு மூலையில் முளை சாய்ந்திருந்தது. சொன்னோம். அலுவலர் முகம் சுளிக்கவில்லை. முளையைப் பிடுங்கி நேராக அடித்து, நாடாவை மறுபடி வைத்து அளந்தார். அதன்பிறகுதான் அரிவாள் கதிரில் பட்டது.