முகவரி உண்டு, நாடு இல்லை



சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைக் கடந்திருப்பீர்கள். சிப்காட் ஆலைகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அவ்வூரிலேயே உள்ள ஈழத்தமிழர் முகாம் பட்டிருக்காது. 1983 கலவரத்திற்குப் பின் உயிர் தப்பி வந்தோரும், 1990இல் வந்தோரும், அவர்தம் மக்களும் பேரர்களுமாகப் பலர் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். ஆண்களிற் பலர் நாட்கூலிக்கு வீடுகளுக்கு வண்ணம் பூசுவோர். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. நல்ல காரியமே. ஆயினும் ஏட்டில் அவர்கள் இன்றும் அந்நியரே.

முகாமினருள் மலையக வழியினரின் கதை இன்னும் வேதனையானது. தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து சென்றோரின் சந்ததியினர் இவர்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம் இவர்களின் முன்னோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அம்மக்களை எவரும் கலந்து கேட்டதாகத் தெரியவில்லை.

"இவர்களுக்கும் நமக்கும் என்ன?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடுவில் விடுதலைப் புலிகள் வெளியேற்றியதை அவர்கள் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம். ஆனால் அக்குற்றத்தைக் கும்மிடிப்பூண்டியில் பிறந்த ஒரு சிறுமியின் தலையில் சுமத்துவது என்ன நியாயம்? நம் ஆரம்பகால முஸ்லிம்கள் மக்காவின் கொடுமை தாளாது அபிசீனியாவுக்குச் சென்றபோது அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னர் ஒரு கிறிஸ்தவர். வந்தவர்களின் மார்க்கத்தை அவர் தடையாகக் கருதவில்லை. கேளம்பாக்கத்தில் புகலடைந்த ரோஹிங்யாக்களுக்காக இரங்கும் நாம், இவர்களுக்காகவும் இரங்கலாகாதா? 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவ்விரு கூட்டத்தாரையுமே வெளியில்தான் நிறுத்தியது.

சட்டத்தில் ஒரு சிறு வாசல் உண்டு. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகனே. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 ஜூலை முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தோர்க்கு அவ்வாசல் இல்லை. உங்கள் ஊர் முகாமில் அத்தேதிக்கு முன் இங்குப் பிறந்தவர் எவரேனும் இருப்பின், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க உதவுங்கள்.