காளையும் கொரங்காடும்

காங்கேயம் காளையைப் புகழாத தமிழர் இலர். 2017-ஆம் ஆண்டில் ஜல்லிக்கட்டின் பொருட்டுத் திரண்ட ஜனங்கள், நாட்டு மாடுகளைக் காப்போமென்று முழங்கியதை நாம் மறக்கவில்லை. ஆயினும் காளையைக் காக்கப் புறப்பட்டோர், அது மேயும் புல்லைப் பற்றி எவ்வளவு சிந்தித்தனர்?

கொங்கு நாட்டின் மானாவாரி நிலங்களில் குடியானவர்கள் வழிவழியாகப் பேணி வரும் மேய்ச்சல் நிலத்திற்குக் கொரங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். புல் காய்ந்த கோடையில் வெள்வேல நெற்று ஆடுமாடுகளுக்கு இரையாகும். இதைத் தரிசென்று எண்ணுவது பெரும் பிழை. காங்கேயம் மாட்டினம் வளர்ந்த தொட்டில் இதுவே.

இன்று இந்நிலங்கள் மனைகளாக விலைபோகின்றன. விற்பவனை நிந்திப்பதால் பயனில்லை. மேய்ச்சலில் வருவாய் காணாதவன் விற்கவே செய்வான். வருவாய்க்கு வழி காட்டுவதே நம் கடமை.

அவ்வழி அரிதன்று. மழை பெய்தவுடன் இளந்தளிரை மேயவிட்டால் வேர் நலிந்து புல் அழியும். காட்டைப் பகுதிகளாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றை ஆறவிட வேண்டும். ஒரு பகுதியையேனும் ஆண்டுதோறும் விதை முற்றி உதிரும் வரை விட்டுவைத்தல் அவசியம். புல்லோடு முயல் மசால் விதைத்தால் தீவனத்தில் புரதம் மிகும். மண்ணிலும் தழைச்சத்து சேரும். சோளத்தட்டைப் போரிட்டு வைத்தவன் கோடைக்கு அஞ்சான்.

சர்க்காரும் இதில் கருத்தூன்ற வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் சிறந்ததே; ஆனால் கிணற்றில் நீரில்லாதவனுக்கு அதனால் யாது பயன்? கொழுக்கட்டைப் புல் விதையோ அறுத்தவுடன் நன்கு முளைப்பதில்லை. சில மாதங்கள் இருப்பு வைத்தே விதைக்க வேண்டும். ஆதலால் அதைச் சேகரித்துப் பாதுகாத்து, பருவத்திற்கு முன் குறைந்த விலைக்கு வழங்குதல் தகும். வேலி புதுப்பிக்கக் கடனும் வேண்டும்.

கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011-ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு மாகாணங்கள் யாவற்றிற்கும் உத்தரவிட்டது. தீர்ப்பு தானே நடந்து வந்து நிலத்தை மீட்காது. மேய்ச்சல் புறம்போக்கு எங்கே, எவர் வசம் என்பதை ஊழியர்கள் அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கட்டும். மேடையில் காளையை வாழ்த்துவது எளிது. அதற்குப் புல் தேடித் தருவதே தொண்டு என்போம்.