'சும்மாதானே இருக்கா, பாத்துக்குவா'

படுக்கையில் விழுந்தவரை யார் பார்த்துக்கொள்வது? எத்தனையோ வீடுகளில் நான் கேட்ட பதில் ஒன்றுதான்: 'வீட்டுல சும்மாதானே இருக்கா, அவ பாத்துக்குவா.' பாசம் போலத் தோன்றும் இது, உழைப்பைக் கணக்கிலிருந்தே அழித்துவிடும் சொல்லாடல்.

அரசுகளும் இதே மொழியைப் பேசியிருக்கின்றன. பிரிட்டன் 1976இல் பராமரிப்பவருக்கு உதவித்தொகை கொண்டுவந்தபோது மணமான பெண்களை விலக்கியது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள்! தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்காடினார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்றது.

இங்கே, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தருகிறது. பீ மூத்திரம் அள்ளுகிற மருமகள் அதன் கண்ணில் படவில்லை. 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், குழந்தை, முதியவர், நோயாளி என வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது 134 நிமிடம், ஆண்கள் 76.

கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம் பராமரிப்பவருக்கென்றே ஒரு மாதத் தொகையை வைத்தது. தொகை சொற்பம்தான்; ஆனால் 'சும்மா' என்ற சொல் அங்கே உடைகிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் செவிலியரை வீட்டுக்கே அனுப்புகிறது. அவர் போனபின் மிச்ச நேரம் முழுக்க அவளுடையதுதான்.

ஆக, ஆதரவு என்று நான் சொல்வது மூன்று: கையில் காசு, நோயாளியைத் தூக்கவும் புரட்டவும் பயிற்சி, அவள் ஒரு நாள் தூங்க மாற்று ஆள். மூன்றாவதை நம் இயக்கங்களும் கேட்பதில்லை. கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும் தோழரின் வீட்டில் ராத்திரி விழித்திருப்பது யார் என்பதும் அரசியல் கேள்விதான்.