தொட்டி முதலில், பளிங்கு பிறகு

வெள்ளவத்தையின் புதிய தொடர்மாடிகளில் பாத்டப் வைத்த குளியலறை இப்போது புதுமையல்ல. தொட்டியைக் கடையில் பார்த்து வாங்கிவிடலாம். அதன் முன்பக்கத்தையும் மேல் விளிம்பையும் மூடுகிற பளிங்குப் பலகைகளை அப்படி வாங்க முடியாது. சுவர்கள் சரியான செங்கோணத்தில் சந்திக்கும் குளியலறை அபூர்வம் என்பதால், ஒவ்வொரு தொட்டிக்கும் தனியாக அளந்து, அறுத்து, மினுக்க வேண்டும்.

பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மறுபடி படிகமான சுண்ணாம்புக்கல்லே பளிங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் அந்த வெப்பத்தைக் காணாதது. அதில் பழைய கடலுயிர்களின் ஓடுகளை இன்றும் பார்க்கலாம். திகண, மாத்தளைப் பக்கத்துக் கல்லோ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருமாறிவிட்டது. அதில் பெரும்பகுதி மக்னீசியம் கலந்த டொலமைட். அரைத்தால் அது தென்னைக்கு உரம், சுட்டால் சுண்ணாம்பு, அறுத்து மினுக்கினால் பலகை. இத்தாலியின் கராராவிலிருந்தும் ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்தும் வெட்டியெடுக்கும் வெள்ளைக் கற்களுக்கோ உலகமெங்கும் பெயர் உண்டு. தாஜ்மகாலின் பளிங்கு மக்ரானாவினுடையது.

எங்கிருந்து வந்தாலும் பளிங்குக்கு அமிலம் ஆகாது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயில் நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. தயிரும் எலுமிச்சைச் சாறும் அபிஷேகமாக வழிந்தாலும் கருங்கல் அசையாது. பளிங்கென்றால் சாறு பட்ட இடம் மங்கிப்போகும். அது கறையல்ல, கல்லின் மேற்பரப்பே கரைந்த தழும்பு. துடைத்தால் போகாது, திரும்ப மினுக்கத்தான் வேண்டும். டொலமைட் கல் இதைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கடையில் வெட்டுத் துண்டொன்று கேட்டு வாங்கி, தேசிக்காய்ச் சாறு விட்டு ஒரு மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் எதையும்விட அந்தத் துண்டு தெளிவாகச் சொல்லும். கல்லில் பூசும் ‘சீலர்’ எண்ணெயும் சாயமும் உள்ளே ஊறாமல் தடுக்குமே தவிர, அமிலத்தைத் தடுக்காது. கழிப்பறை கழுவும் திரவத்தை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

இனி வேலை. தொட்டியைக் கால்களில் நிறுத்தி, மட்டம் பார்த்து, கழிவுக் குழாயைப் பூட்டிய பிறகே அளவு எடுக்க வேண்டும். தொட்டியோடு வரும் படத்தைப் பார்த்துக் கல் அறுப்பது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். நல்ல பாஸ் மெல்லிய பலகையிலோ தடித்த மட்டையிலோ அச்சு வெட்டி, அதைத் தொட்டியோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போவார். அங்கே வைர முனை பதித்த வட்ட வாள், தண்ணீர் ஓட ஓடக் கல்லை அறுக்கும். தண்ணீர் வாளைக் குளிர்விக்கும், தூசியையும் அடக்கும். தொட்டி இறங்கும் துவாரத்தின் மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைத்து வெட்ட வேண்டும். வெடிப்பு தொடங்குவது கூரான மூலையில்தான். முன்பலகையும் மேல்பலகையும் சந்திக்கும் விளிம்புகளை 45 பாகையில் சீவி ஒட்டினால், ஒரே கட்டிக் கல்லைப் போலத் தெரியும்.

பாரத்தை யாரும் முதலில் நினைப்பதில்லை. 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள பளிங்கு, சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 54 கிலோகிராம். முன்பலகை மட்டுமே 50 கிலோவை நெருங்கும். பலகையை எப்போதும் செங்குத்தாகத்தான் தூக்க வேண்டும்; படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே முறியும். பழைய மாடிவீட்டின் சின்ன லிஃப்டில் அது நுழையுமா என்பதையும் அறுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையே நல்லது. சாதாரண சீமெந்தின் சாம்பல் நிறம் வெள்ளைக் கல்லூடாக நிழலாகத் தெரியும். கல்லுக்கும் தொட்டிக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டு சிலிக்கன் நிரப்புவார்கள். வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் அமிலம் விடுவது; கல்லுக்கென்று விற்கும் நடுநிலை வகையையே கேளுங்கள். அக்ரிலிக் தொட்டி தண்ணீரின் பாரத்தில் சற்றுத் தாழும். ஆகவே தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு சிலிக்கன் இட்டு, அது இறுகிய பிறகே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வெறும் தொட்டியில் இட்டால், குளிக்கத் தொடங்கியதும் பிரிந்து தண்ணீர் உள்ளே இறங்கும், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

கழிவுக் குழாய் இருக்கும் பக்கத்தில் கழற்றக்கூடிய பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். அழகு கெடும் என்று அதை விட்டுவிட்டால், ஒரு வோஷர் மாற்றுவதற்கு முழுப் பளிங்கையும் உடைக்க நேரும். தொட்டி வந்து இறங்கும் முன்பே அளவு எடுக்க வருகிறவருக்கும், கழற்றும் பலகை தேவையில்லை என்கிறவருக்கும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.