புது எண் கிடைக்காத வீடுகள்

2009-இல் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு ரேம் ஸ்டிக் வாங்கினேன். டிடிஆர்2 வகை, ஒவ்வொன்றும் 2 ஜிபி. வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றிவிட்டு இவற்றைச் செருகி கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். பயாஸ் திரை 4096 எம்பி என்று சரியாகவே எண்ணிச் சொன்னது. விண்டோஸ் எக்ஸ்பி திறந்ததும் பார்த்தால் 3.25 ஜிபி. முக்கால் ஜிபியைக் காணோம்.

மறுநாளே ஸ்டிக்குகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் மெஷினில் செருகிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு. 32 பிட் விண்டோஸ்ல இவ்வளவுதான் காட்டும்" என்றார். ஏன் என்றதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லித்தான் பிராசஸர் அதைக் கேட்டு வாங்கும். 32 பிட்டுகளைக் கொண்டு எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,29,49,67,296. சரியாக 4 ஜிபிக்குப் போதுமானவை. அப்படியானால் நான் வாங்கிய 4 ஜிபியும் அடங்கியிருக்க வேண்டுமே?

கதவு எண்கள் ரேமுக்கு மட்டும் உரியவை என்று நினைத்ததுதான் தப்பு. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் சிப் ஆகியவற்றோடும் பிராசஸர் இதே எண்கள் வழியாகத்தான் பேசுகிறது. திரையில் ஒரு புள்ளி சிவக்க வேண்டுமா, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய எண்களுள் ஒன்றில் அதற்குரிய மதிப்பை எழுதினால் போதும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளின் அமைப்பு விவரங்களுக்கே எவ்வளவு இடம் போகிறது பாருங்கள்: 256 பஸ், ஒவ்வொன்றிலும் 32 சாதனம், சாதனத்துக்கு 8 பிரிவு, பிரிவுக்கு 4 கேபி. பெருக்கினால் 256 எம்பி. அத்தனை சாதனங்களும் இருக்கின்றனவோ இல்லையோ, எண்களை ஒதுக்கி வைத்தாக வேண்டும். இந்த ஒதுக்கீடெல்லாம் 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே, தெருவின் கடைக்கோடியில் நடக்கிறது. ரேம் கீழிருந்து எண் வாங்கிக்கொண்டே வந்து அங்கே முட்டி நிற்கும். மிச்ச ரேம் கெட்டுப்போகவில்லை. கதவு எண் இல்லாததால் யாராலும் அங்கே போக முடியவில்லை.

சென்னை வீடுகளில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அந்த வழி உண்டு. எண் கிடைக்காத ரேமுக்கு 4 ஜிபிக்கு மேலே புது எண் தருவதை மெமரி ரீமேப்பிங் என்கிறார்கள். ஆனால் அந்தப் பெரிய எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். 1995-இல் வந்த பென்டியம் புரோ பிராசஸரிலேயே 36 பிட் கதவு எண்ணுக்கு வசதி இருந்தது. அது 64 ஜிபி வரை போகும். 32 பிட் எக்ஸ்பியோ 4 ஜிபிக்கு மேற்பட்ட எண்களைத் தொடுவதில்லை. பல டிரைவர்கள் 32 பிட்டுக்கு மேலான எண்ணை எதிர்பார்க்காமல் எழுதப்பட்டவை. நீண்ட எண்ணின் தலையை வெட்டிவிட்டு வேறு யாருடைய வீட்டிலோ போய் எழுதிவிடும். அதற்கு அஞ்சி மைக்ரோசாஃப்ட் போட்ட வேலி இது. தரவு பாழாவதைவிட முக்கால் ஜிபி போவது மேல், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த விவரம் வாங்குகிறவர் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சரி, 64 பிட் விண்டோஸ் போட்டால் தீர்ந்தது என்று நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்துப் போட்டும் பார்த்தேன். மறுபடியும் அதே முக்கால் ஜிபி குறைந்தது.

இந்த முறை தடுத்தது மதர்போர்டு. என்னுடையது இன்டெல் 945ஜி சிப்செட். அதில் 4 ஜிபி செருகலாம் என்று கையேட்டிலேயே இருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்தச் சிப்செட் 32 பிட் எண்ணுக்கு மேல் அறியாது. புது எண் தரும் வசதியே அதில் கிடையாது. கோர் 2 டுயோ பிராசஸருக்கு 36 பிட் தெரியும், 64 பிட் விண்டோஸுக்கும் தெரியும். நடுவில் இருந்த தபால்காரருக்குத் தெரியவில்லை. 2006-இல் வந்த அடுத்த தலைமுறையான 965 சிப்செட்டில் இந்த வசதி இருந்தது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலும் எண்கள் இப்படித்தான் பங்கு போயின. அதன் 20 பிட் எண்ணுக்கு 1 எம்பி எட்டும். திரைக்கும் ரோமுக்குமாக 384 கேபியை மேலே ஒதுக்கியதால் நிரல்களுக்கு 640 கேபி மிஞ்சியது. பழைய முறையில் பிரித்த ஹார்ட் டிஸ்க் 2.2 டிபியோடு நின்றுவிடுவதும் 32 பிட் கணக்கால்தான். விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கின் 64 பிட் பதிப்பு 8 ஜிபியோடு நின்றதற்கு மட்டும் காரணம் வேறு: அது விலைக்கேற்ப வைத்த வரம்பு.

இப்போது ரேம் வாங்கக் கிளம்பும் நண்பர்களிடம் முதலில் மதர்போர்டின் பெயரைத்தான் கேட்கிறேன். எத்தனை ஜிபி வரை தாங்கும், எந்த வகை டிடிஆர், எத்தனை ஸ்லாட் என்று பார்த்த பிறகுதான் கடை.

அந்த இரண்டு ஸ்டிக்குகளையும் பிறகு என் சித்தி மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுடையது 965 போர்டு, 64 பிட் விண்டோஸ். பயாஸில் ரீமேப்பிங்கை ஆன் செய்துவிட்டுத் திறந்தான். "அண்ணா, 4 ஜிபியும் காட்டுது" என்றான்.