பம்புசெட் ஸ்டார்ட்டர் அடிக்கடி 'ட்ரிப்' ஆவது ஏன்?

மும்முனை மின்சாரம் வந்ததும் பச்சைப் பட்டனை அழுத்துகிறோம். மோட்டார் ஓடுகிறது, கால் மணி நேரத்தில் தானே நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி நிற்கிறது. கரும்போ வாழையோ தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரத்தில் இப்படி நடந்தால் பொறுமை போய்விடுவது இயற்கைதான். ரிலேயின் ஆம்பியரைக் கூட்டி வைப்பது, ஸ்டார்ட்டரில் குச்சியைச் செருகி வைப்பது, பாதுகாப்புக் கருவியின் ஒயரைக் கழற்றி நேராக இணைத்துவிடுவது எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. அன்றைக்குத் தண்ணீர் பாய்ந்துவிடும். சில நாளில் காயில் கருகிவிடும். பயிருக்குப் பாயும் மின்சாரம் இலவசம்; காயில் கட்டும் கூலி இலவசமல்ல. நீர்மூழ்கி மோட்டாராக இருந்தால் குழாய்களை மேலே தூக்கி, மறுபடி இறக்கும் செலவு வேறு.

ஸ்டார்ட்டர் விழுவதற்குக் காரணம் ஐந்து இடங்களில் ஒன்றில் இருக்கும்: வரும் மின்சாரம், ஸ்டார்ட்டர் பெட்டி, கேபிள், மோட்டாரும் பம்பும், கிணறு. எந்த இடம் என்று தெரிந்துகொள்ளாமல் மோட்டாரைத் தூக்கச் சொல்வது வீண். மின்சாரம் உள்ளபோது பெட்டியைத் திறந்து சோதிப்பது எலக்ட்ரீஷியன் செய்யவேண்டிய வேலை. ஆனால் எதைச் சோதிக்கச் சொல்வது என்பது விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது நிற்கிறது?

முதலில் இதைக் கவனிக்க வேண்டும். பட்டனை அழுத்தியும் ஸ்டார்ட்டர் உள்ளே இழுக்கவே இல்லையென்றால், மின்சாரம் சரியாக வரவில்லை. அல்லது ரிலே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சாதாரண ரிலேக்குள் இருப்பது சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு. அது ஆறுவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை.

அழுத்தியிருக்கும் வரை ஓடி, விரலை எடுத்ததும் நின்றுவிட்டால் பழுது ஸ்டார்ட்டருக்குள்ளேயே உள்ளது. காயிலுக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும் துணைக் கான்டாக்ட் சேரவில்லை என்று பொருள். ஸ்டார்ட்டர் இழுத்துப் பிடித்தபடி கடகடவென்று அதிர்ந்தால், மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். அல்லது காந்த முகத்தில் தூசியோ எறும்போ சேர்ந்திருக்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டி எறும்புக்கும் பல்லிக்கும் குளவிக்கும் பிடித்தமான இடம். கேபிள் நுழையும் துவாரங்களை அடைத்து வைத்தாலே பாதித் தொல்லை குறையும். இன்னொன்று: வெள்ளி முகம் வைத்த கான்டாக்டுகளைக் கறுத்துவிட்டன என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுப்பதில்லை. தேய்த்தால் வெள்ளிதான் போகும். குழி விழுந்து உருகியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

மோட்டார் சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். ஒரு பேஸ் இல்லை, அல்லது பம்பு மணலில் இறுகிவிட்டது. நின்ற நிலையில் உறுமும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து மடங்கு அளவுக்கு ஆம்பியர் எடுக்கும். அந்த நிலையில் காயில் சிறிது நேரம்கூடத் தாங்காது.

நன்றாக ஓடித் தண்ணீரும் கொடுத்து, வெகுநேரம் கழித்து நிற்கிறது, பெட்டியில் தண்ணீர் இல்லை என்னும் விளக்கு எரிகிறது என்றால், மோட்டாரைக் குறை சொல்லவேண்டாம். கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்பின் ஆம்பியர் கூடுவதில்லை, குறைகிறது. அந்தக் குறைவைப் பார்த்துத்தான் எலக்ட்ரானிக் பெட்டிகள் நிறுத்துகின்றன. பழைய ரிலேக்கு இது தெரியாது.

ஒரு பேஸ் போனால்

காயில் கருகிய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், ஒரு பகுதி கறுத்தும் ஒரு பகுதி புதிதுபோலவும் இருப்பதுண்டு. ஒரு பேஸ் இல்லாமல் மற்ற இரண்டில் ஓடியதன் அடையாளம் இது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு பேஸ் போனால் அது நின்றுவிடுவதில்லை. மற்ற இரண்டு ஒயர்களிலும் ஏறத்தாழ 1.7 மடங்கும் அதற்கு மேலும் ஆம்பியர் இழுத்துக்கொண்டு ஓடும். 5 குதிரைசக்தி மோட்டாருக்கு 7.5 ஆம்பியர் என்றால் அது 13 ஆம்பியராகும்.

மூன்று பேசும் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்து, மூன்றிலும் எரிகிறது என்று சொல்வார்கள். இதை நம்பக்கூடாது. அறுந்துபோன பேசிலும் அக்கம்பக்கத்து மோட்டார் வழியாகவும் கெபாசிட்டர் வழியாகவும் திரும்பி வரும் மின்சாரம் டெஸ்டரை எரிய வைக்கும். வோல்ட் மீட்டரால் இரண்டிரண்டு பேசுக்கு நடுவே மூன்று முறை அளக்க வேண்டும். சுமார் 415 வோல்ட், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கவேண்டும். மோட்டார் ஓடும்போது அளப்பது இன்னும் நல்லது. சுமை ஏறும்போதுதான் பலவீனமான இணைப்பு தெரியும். சோதனை விளக்கு வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டு பல்புகளை வரிசையாக இணைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பல்பு 415 வோல்ட்டைத் தாங்காது, வெடித்துவிடும். பேஸ் வரவில்லையென்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி அனுப்பவேண்டும். டிரான்ஸ்பார்மர் பியூஸைத் தாமே போடப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

பாதுகாப்புக் கருவி இருந்தும் எரிந்தது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கருவியில் இரண்டு வகை. ஒன்று மின்னழுத்தத்தைப் பார்ப்பது, மற்றொன்று ஒயரில் ஓடும் ஆம்பியரைப் பார்ப்பது. முதல் வகை, மின்சாரம் வரும் பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. கருவியைத் தாண்டி ஸ்டார்ட்டர் கான்டாக்டிலோ கேபிள் இணைப்பிலோ ஒரு பேஸ் விட்டுப்போனால் அதற்குத் தெரியாது. மேலும், ஓடும் மோட்டாரே இல்லாத பேசில் ஓரளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்பதால், சில சமயம் வெளியே பேஸ் போனதுகூடத் தெரியாது. ஆம்பியரைப் பார்க்கும் வகை இரண்டு பக்கத்துக் கோளாறையும் பிடித்துவிடும். விலை சற்றுக் கூடுதலானாலும், ஆழ்துளைக் கிணற்றுக்கு இரண்டாவது வகையே சரி.

கம்பி வேலை நடந்த மறுநாள் கருவி மோட்டாரை ஓடவிட மறுத்தால், பேஸ்களின் வரிசை மாறியிருக்கலாம். கருவியைக் கழற்றினால் பம்பு எதிர்ப்பக்கம் சுழன்று தண்ணீர் குறைவாகக் கொடுக்கும். வரும் பக்கத்தில் ஏதாவது இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் போதும்.

மும்முனை இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மூன்று காயிலிலும் சமமாக ஆம்பியர் ஓடாதபடி மோட்டாரைத் தெரிந்தே ஓட்டுவதுதான் அது. அந்த நேரத்தில் பாதுகாப்புக் கருவியையும் நீக்கிவிடுகிறார்கள். பழுதான மோட்டாரில் பாதி இந்த வழியாக வந்தவை என்று காயில் கட்டுபவர்கள் சொன்னால் வியப்பதற்கில்லை.

பழுது லைனிலா, மோட்டாரிலா?

மூன்று பேசும் இருக்கின்றன. ஆனால் ஒரு ஒயரில் மட்டும் ஆம்பியர் அதிகம். கால் மணி நேரத்தில் நிற்கும் மோட்டார்களில் இதை அடிக்கடி காணலாம். மின்னழுத்தத்தில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலே ஆம்பியரில் அதைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு ஏற்றத்தாழ்வு வரும். லைன்மேன் மோட்டாரைக் காட்டுவார், மெக்கானிக் லைனைக் காட்டுவார். இந்த வழக்கைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு.

கிளாம்ப் மீட்டரால் மூன்று ஒயர்களின் ஆம்பியரையும் அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு மெயினை நிறுத்திவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் ஒரே திசையில் ஒவ்வோர் இடம் தள்ளி மாட்டவேண்டும்: முதலாவதை இரண்டாவது இடத்தில், இரண்டாவதை மூன்றாவதில், மூன்றாவதை முதலாவதில். இப்படிச் செய்தால் சுழலும் திசை மாறாது. மறுபடி ஓட்டி அளக்கவேண்டும். அதிக ஆம்பியர் அதே ஸ்டார்ட்டர் முனையிலேயே நின்றால் குறை மின்சாரத்திலோ ஸ்டார்ட்டரிலோ உள்ளது. ஒயரோடு சேர்ந்து இடம் மாறிவிட்டால் குறை கேபிளிலோ மோட்டாரிலோ உள்ளது. அப்போதுதான் மெக்கர் வைத்துப் பார்க்கவேண்டும். காயிலுக்கும் பூமிக்கும் இடையே 1 மெகா ஓம்முக்குக் கீழே காட்டினால் மோட்டாரைத் தூக்கவேண்டியதுதான்; தூக்கியதும் கேபிள் இணைப்பை முதலில் பார்க்கவேண்டும். பல சமயம் நீர் புகுந்த இடம் அதுவே, காயில் நன்றாக இருக்கும்.

ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைப்பது? மோட்டாரின் பெயர்த் தகட்டில் எழுதியுள்ள அளவில். குதிரைசக்திக்கு ஒன்றரை ஆம்பியர் என்ற வாய்க்கணக்கு பொதுவாகச் சரி. நீர்மூழ்கிக்குச் சற்றுக் கூடும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ஒரு நுட்பம் உண்டு. பல ஸ்டார்ட்டர்களில் ரிலே காயில் ஆம்பியரை மட்டும் பார்க்கும்படி அமைந்திருக்கும். அப்போது தகட்டு அளவில் 0.58 பங்கே வைக்கவேண்டும். 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7. இது தெரியாமல் 15 என்று வைத்தால் ரிலே இருந்தும் இல்லாததுபோல்தான்.

செல்போனில் ஓட்டும் பெட்டிகளும் ஆட்டோ ஸ்விட்சும் இப்போது நிறைய வந்துவிட்டன. மின்சாரம் திரும்பியவுடன் எல்லாக் கிணற்றிலும் ஒரே நொடியில் மோட்டார் கிளம்பினால் மின்னழுத்தம் இறங்கி, எல்லாமே ட்ரிப் ஆகும். பெட்டியில் உள்ள தாமத நேரத்தைப் பக்கத்துக் கிணற்றுக்காரரோடு பேசி, முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம். கிணற்றில் ஆள் இறங்கும்போது ஆட்டோவை அணைத்தால் மட்டும் போதாது, மெயினையும் நிறுத்தி பியூஸ் கட்டையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்தோ ஒருவர் போனில் ஓட்டிவிடலாம்.

மோட்டார் புதிதாக இறக்கிய அன்றே மூன்று ஒயர்களின் ஆம்பியரையும், மூன்று வோல்ட் அளவுகளையும், தேதியையும் பெட்டிக் கதவின் உட்புறம் பெயின்டால் எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் எந்த மெக்கானிக் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.