ஏழாம் மாடிக்குக் கேட்காத மணி

1972 மே 13, சனிக்கிழமை இரவு. ஜப்பானின் ஒசாகா நகரிலிருந்த சென்னிச்சி பல்பொருள் அங்காடி ஒன்பது மணிக்கே சாத்தப்பட்டுவிட்டது. மூன்றாம் மாடியில் மின்வேலை நடந்துகொண்டிருந்தது. ஏழாம் மாடியில் வேறொருவர் நடத்திய கேளிக்கை விடுதியில் 181 பேர் இருந்தார்கள். பத்தரை மணி வாக்கில் மூன்றாம் மாடியில் தீ பற்றியது. கண்டவர்கள் எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தினார்கள். காவலர் அறைக்குத் தெரிந்தது. தீயணைப்புப் படைக்கும் சொல்லியாயிற்று. ஏழாம் மாடிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. குளிரூட்டிக் குழாய்கள் வழியே புகை ஏறி வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்கு விஷயம் விளங்கியது. தீ அந்த மாடியை எட்டவே இல்லை. ஆனாலும் 118 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது புகை. சன்னல் வழியே குதித்தும் சிலர் மாண்டார்கள்.

அந்தக் கட்டடம் 1932இல் நாடக அரங்காகக் கட்டப்பட்டது, 1958இல்தான் கடையானது. பழைய பெருங்கடைகளின் கதை எந்த ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான். மாடி ஏறும், குத்தகைக்காரர் கூடுவார், புதிதாகச் சுவர் முளைக்கும், போலிக் கூரை தொங்கும். எச்சரிக்கை மணியின் கம்பி மட்டும் முதலில் இழுத்த இடத்திலேயே கிடக்கும்.

தீ அலாரம் என்பது உண்மையில் மூன்று வேலை செய்யும் ஒரு கூட்டமைப்பு. கூரையிலுள்ள உணரிகள் தீயைக் கண்டுபிடிக்கின்றன. புகை உணரிக்குள் சிறு ஒளிக்கற்றை ஒன்று இருக்கிறது. புகை நுழைந்தால் ஒளி சிதறும், உணரி விழித்துக்கொள்ளும். எண்ணெய்ப் புகை எழும் சமையல்கட்டுக்கு வெப்ப உணரிதான் பொருத்தம். அடுத்தது கட்டுப்பாட்டுப் பெட்டி. எந்தப் பகுதியில் தீ என்பதை அது காட்டும். மின்சாரம் நின்றாலும் பற்றரியில் ஓடும். மூன்றாவது, ஆட்களுக்குச் சொல்வது. பழைய கடைகளில் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த மூன்றாவதில். பொய்யாக அடித்துத் தொல்லை தருகிறதென்று மணியை அணைத்து வைப்பார்கள். சுவரிலிருக்கும் சிவப்புப் பெட்டியை மறைத்துத் துணிக்கட்டுகளை அடுக்குவார்கள்.

மணி அடித்தாலும் வாடிக்கையாளர் அசைவார் என்று நம்ப முடியாது. 1979 மே 8 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலிருந்த வூல்வொர்த்ஸ் கடையில் தளபாடங்கள் எரிந்தபோது 10 பேர் இறந்தார்கள். அதே மாடியிலிருந்த உணவகத்தில் பலர் உடனே எழவில்லை. சாப்பாட்டை முடிக்க வேண்டும், காசு கட்ட வேண்டும் என்ற நினைப்பு. காசு கொடுத்தவனுக்குச் சோற்றை விட்டு எழ மனம் வராது. இதில் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் பேதமில்லை. அதனால்தான் வெறும் மணியைவிட, "தீ, உடனே வெளியேறுங்கள்" என்று சொல்லும் குரல் அறிவிப்பு மேலானது. நம் இலங்கையில் அந்தக் குரல் சிங்களமும் தமிழும் பேச வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் பெருங்கடைத் தீயின் பாடம் சென்னையின் தியாகராய நகரில் கிடைத்தது. 2008 செப்டம்பர் 1 அன்று ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் எரிந்தபோது ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2017 மே 31 விடியற்காலை, உஸ்மான் சாலையிலுள்ள சென்னை சில்க்ஸின் ஏழு மாடிக் கட்டடத்தில் கீழே புகை கிளம்பியது. மேல் மாடியில் இருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டார்கள். ஆனால் துணி மலையாகக் குவிந்த கட்டடத்துக்குள் போக வழியில்லை. தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தை அரசே இடித்தது. தமிழ்நாட்டில் 1999 பிப்ரவரி 28க்கு முன் எழுந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தச் சட்டமே இருந்தது. காசு கட்டினால் பத்திரம் சரியாகும். புகைக்கு அந்தப் பத்திரத்தை வாசிக்கத் தெரியாது.

ஜப்பான் என்ன செய்தது? ஒசாகாவுக்கு மறு ஆண்டு, 1973 நவம்பர் 29 பிற்பகலில், குமாமோட்டோவின் தாயோ அங்காடி எரிந்தது. மாடிப்படியில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் தொடங்கிய தீ. வெளியேறச் சொல்லும் அறிவிப்பே வரவில்லை. 104 பேர் மாண்டார்கள். 1974இல் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை பெரும்பாலும் புதிய விதி புதிய கட்டடத்துக்கே என்றிருந்தது. பெருங்கடை, விடுதி, மருத்துவமனை போன்றவை எப்போது கட்டியதாயினும் அலாரமும் நீர்தெளிப்பானும் இன்றைய விதிப்படி வைத்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்குச் சில ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள். வியாபாரம் ஒன்றும் முழுகிப்போகவில்லை.

நம் நாட்டிலும், புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாவிலிருந்து பெருநாளுக்கும் நத்தாருக்கும் உடுப்பு எடுக்கப் பாலாவிச் சந்தி தாண்டிப் புத்தளத்துக்கும் குருநாகலுக்கும் கொழும்புக்கும் போகிற குடும்பங்கள் ஏறி இறங்குவது இத்தகைய மாடிகளில்தான். சுவரைக் கொத்தாமல் பொருத்தக்கூடிய கம்பியில்லா உணரிகள் வந்துவிட்டன. பழைய கட்டடத்தில் வேலை கடினம் என்ற சாக்கு இனிச் செல்லாது. வியாபார உரிமம் ஆண்டுதோறும் உள்ளூராட்சி சபைகளில் புதுப்பிக்கப்படுகிறது. அந்தத் தாளில் ஒப்பமிடுமுன் அதிகாரி ஒருவர் கடைக்குப் போய் மணியை அடித்துப் பார்க்கட்டும். கடைசி மாடியில் நிற்பவருக்கும் அது கேட்ட பிறகு ஒப்பமிடட்டும்.